வயலோரக் காவலரண்கள்: 1940-இல் பிரிட்டன் கட்டியதும் பிறகு தொலைத்ததும்

1940 கோடையில், சில மாதங்களுக்குள், பிரிட்டனின் வயல்வரப்புகளிலும் ஆற்றங்கரைகளிலும் கடலோரங்களிலும் ஆயிரக்கணக்கான கான்கிரீட் காவலரண்கள் எழுந்தன. ராணுவத்தினர் அவற்றைப் 'பில்பாக்ஸ்' என்று அழைத்தார்கள். தரையிறங்கி வரும் ஜெர்மானியப் படையைச் சுட்டு நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டவை அவை. அந்தப் படை வரவே இல்லை. இன்று அவற்றில் பெரும்பகுதியும் இல்லை.

அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கணக்கின்படி, கட்டப்பட்ட காவலரண்களும் அவற்றை ஒத்த அரண்களும் சேர்ந்து சுமார் 28,000. எஞ்சியிருப்பவை சுமார் 6,500. இவ்வளவு கனமான பொருள் இவ்வளவு பெரிய அளவில் எப்படிக் காணாமல் போனது என்ற கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பல விடைகள் வந்திருக்கின்றன. அவற்றால் போரில் பயன் இருந்திருக்குமா என்ற கேள்வி அதைவிடப் பழையது. 1940 ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. முதல் கேள்வியைத் தொல்லியலாளர்களும் இரண்டாவதை ராணுவ வரலாற்றாளர்களும் தனித்தனியே கையாண்டு வந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. பயனற்றது என்று முத்திரை விழுந்ததைப் பதிவுசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. பதிவில்லாதது மறைந்தபோது கேட்க ஆளில்லை.

அவசரத்தில் எழுந்த அரண்

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவைத் தாக்கியது. அன்றே, கைப்பற்றவே முடியாது என்று பெயரெடுத்த பெல்ஜியத்தின் எபென்-எமேல் கோட்டையின் கூரைமேல் கிளைடர் விமானங்களில் வந்து இறங்கிய சிறு படை அதை முடக்கிப்போட்டது. மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்கள் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், ஆயுதங்கள் வரவில்லை. சுமார் 2,500 பீரங்கிகளும் பல்லாயிரம் வண்டிகளும் பிரான்சிலேயே விடப்பட்டன.

மே 27 அன்று உள்நாட்டுப் படைகளின் தலைமைப் பொறுப்பு வால்டர் கிர்க்கிடமிருந்து எட்மண்ட் அயர்ன்சைடுக்கு மாறியது. அவர் கையில் நடமாடும் படை குறைவு; டாங்கிகள் அதைவிடக் குறைவு. ஜூன் 25 அன்று அவர் முன்வைத்த திட்டம் இந்த வறுமைக்கு ஏற்ற திட்டம். கடலோரத்தில் ஒரு மெல்லிய பாதுகாப்பு மேலோடு. அதைத் தாண்டி உள்நாட்டில் ஆறு, கால்வாய், ரயில் மேடு ஆகியவற்றை ஒட்டிப் பல தடுப்புக் கோடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், லண்டனையும் மத்திய இங்கிலாந்தின் தொழில் நகரங்களையும் காக்க, தலைமையகத்தின் பெயரிலேயே அழைக்கப்பட்ட ஜி.எச்.க்யூ கோடு. பிரிஸ்டல் பக்கத்திலிருந்து கிழக்கே கென்ட் வரை வந்து, பிறகு எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் வழியாக வடக்கே யார்க்‌ஷயரை நோக்கி அது நீண்டது.

போர் அமைச்சகத்தில் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு மே மாதம் மேஜர் ஜெனரல் டெய்லர் தலைமையில் உருவாகி, மாதிரி வரைபடங்களை வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை 22 முதல் 28 வரையான எண்களால் அறியப்படுகின்றன. அதிகம் கட்டப்பட்டது 24-ஆம் வகை. அது ஒழுங்கற்ற அறுகோணம். வாசல் இருக்கும் பின்சுவர் சுமார் 14 அடி நீளம். மற்ற ஐந்து சுவர்களும் ஏழெட்டு அடிதான். அந்த ஐந்திலும் சுவருக்கொன்றாகச் சுடுதுளைகள் உண்டு. வாசலின் இருபுறமும் சிறு துளைகள் உண்டு. உள்ளே நடுவில் 'ஒய்' வடிவத்தில் ஒரு தடுப்புச் சுவர் நிற்கும். ஒரு துளை வழியே நுழைந்த குண்டு சுவரில் பட்டுத் தெறித்து எதிர்மூலையில் நிற்பவனைத் தாக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் சுவருக்கு ஓரடிக்குச் சற்று மேல் கனம் போதும். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டுமானால் மூன்றரை அடி வேண்டும்.

கட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள். அதனால் வரைபடம் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் கைவண்ணம் மாறியது. சென்ட்ரிங் பலகை கிடைத்த இடத்தில் பலகையின் நரம்போட்டம் இன்றும் கான்கிரீட்டில் அச்சாகத் தெரியும். பலகை கிடைக்காத இடத்தில் வெளியே செங்கல் சுவர் எழுப்பி அதையே அச்சாக வைத்து உள்ளே கான்கிரீட் போட்டார்கள். அப்படிக் கட்டியதைச் செங்கல் கட்டடம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இன்னும் உண்டு. சிலவற்றை வைக்கோல்போர், குடிசை, பெட்டிக்கடை போல வேடமிட்டு மறைத்தார்கள். சாமர்செட் பகுதியில் இந்த வேடம் கட்டும் வேலையைச் செய்தவர்களில் ஒருவர், லண்டன் நாடக மேடைகளுக்குக் காட்சி அமைத்துப் புகழ்பெற்ற ஆலிவர் மெஸ்ஸல். ஆள் தேர்வில் ராணுவம் தவறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வீண் என்ற தீர்ப்பு

திட்டத்தின் மேல் மை உலர்வதற்குள் எதிர்ப்பு வந்தது. முக்கியப் பாதுகாப்புக் கோடு இவ்வளவு உள்ளே இருந்தால், எதிரி அதை அடைவதற்குள் நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும் என்று படைகளின் துணைத் தலைவர்கள் ஜூன் 26 அன்றே குறைகூறினார்கள். ஜூலை மூன்றாம் வாரத்தில் அயர்ன்சைடு விலக்கப்பட்டு ஆலன் புரூக் வந்தார். பிரான்சில் ஒரு படைப்பிரிவை நடத்திப் பின்வாங்கி வந்தவர் அவர். அசையாத கோடுகளை ஜெர்மானியக் கவசப் படை சுற்றி வளைத்துப் போவதைக் கண்ணால் பார்த்தவர். நேரிய கோடுகளில் ஆட்களை அடைப்பதை அவர் விரும்பவில்லை. விரைந்து நகரும் படைகளை வைத்துத் தாக்க வேண்டும் என்றார். அவருடைய நாட்குறிப்புகள் 1957 முதல் அச்சில் வரத் தொடங்கியதும் இந்தப் பார்வையே நிலைத்துவிட்டது. தென்கரையில் ஒரு படைப்பிரிவை ஏற்ற மான்ட்கோமரியும் கடலோரமெங்கும் ஆட்களைப் பரப்பி வைப்பதற்கு எதிராகவே இருந்தார்.

இந்தத் தீர்ப்புக்கு வலு உண்டு. பிரான்சின் எல்லை அரண்வரிசையான மாஜினோ கோடு அப்போதுதான் சரிந்திருந்தது. தடித்த சுவருக்குள் இருப்பவன் பார்ப்பது ஒரு சுடுதுளையின் அகலம் மட்டுமே. பக்கவாட்டில் ஊர்ந்து வந்து கையெறி குண்டு போடுகிறவனை அவனால் பார்க்க முடியாது. ஆனால் இதை அப்படியே ஏற்பதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, புரூக்கின் சாட்சியம் வென்றவரின் சாட்சியம். போரின் முடிவில் அவர் ஃபீல்டு மார்ஷல், தலைமைத் தளபதி. அயர்ன்சைடு தோற்றவராகவே நினைவில் நின்றார். இரண்டாவது, காலம். ஜூன் மாத இறுதியில் அயர்ன்சைடிடம் இல்லாத நடமாடும் படை, புரூக்கின் கையில் மெல்ல மெல்லத்தான் சேர்ந்தது. ஜூனில் இல்லாததை வைத்து ஜூன் மாதத் திட்டத்தை எடைபோடுவது நியாயமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இந்தத் தீர்ப்புக்குக் கேலியும் துணை சேர்ந்தது. பீட்டர் ஃபிளெமிங் 1957-இல் எழுதிய 'இன்வேஷன் 1940' அந்தக் கோடையை மெல்லிய நகைச்சுவையோடு பார்த்தது. 1968 முதல் 1977 வரை பிபிசி ஒளிபரப்பிய 'டாட்'ஸ் ஆர்மி' தொடர், ஊர்க்காவல் படையான ஹோம் கார்டை வயதானவர்களின் கோமாளிக் கூட்டமாகவே கோடிக்கணக்கானவர்கள் மனதில் பதித்தது. அதற்குப் பிறகு வயலில் நிற்கும் ஒரு காவலரணைச் சிரிக்காமல் பார்க்க ஒரு தலைமுறைக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

மறுவாதங்கள்

எதிர்த் தரப்பில் மூன்று வகை வாதங்கள் உண்டு. அச்சுறுத்தித் தடுத்தது என்பது முதலாவது. மூன்றிலும் பலவீனமானதும் இதுவே. ஹிட்லர் ஜூலை 16 அன்று படையெடுப்புக்கான ஆணையைப் பிறப்பித்து, செப்டம்பர் 17 அன்று காலவரையின்றி ஒத்திவைத்தார். வான் ஆதிக்கம் கிடைக்காததும் பிரிட்டிஷ் கடற்படையின் பலமுமே அதற்கு முதன்மைக் காரணங்கள் என்பதில் வரலாற்றாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உள்நாட்டுக் கான்கிரீட்டைப் பார்த்துப் பெர்லின் தயங்கியது என்று சொல்லச் சான்று போதாது.

மன உறுதி தந்தது என்பது இரண்டாவது. பொய் என்று ஒதுக்கவும் முடியாது, அளந்து காட்டவும் முடியாது.

மூன்றாவதுதான் கனமானது: இவை எதிரியை நிறுத்தக் கட்டப்பட்டவை அல்ல, தாமதப்படுத்தக் கட்டப்பட்டவை. ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவனிலிருந்து மேற்கே ஓடும் கவி தடுப்புக் கோட்டைப் பற்றி 2005-இல் விரிவாக எழுதிய தொல்லியலாளர் கார்டன் பார்க்ளே, 2013-இல் வந்த 'இஃப் ஹிட்லர் கம்ஸ்' நூலில் ஸ்காட்லாந்து முழுவதையும் ஆவணங்களின் துணையோடு பரிசீலித்தார். நார்வே விழுந்த பிறகு வடகிழக்கில் ஒரு தரையிறக்கம் நடக்கலாம் என்ற அச்சம் அன்றைய நிலையில் அர்த்தமற்றதல்ல. டாங்கிகளைச் சில மணி நேரமாவது ஆற்றோரத்தில் நிறுத்தினால் பின்னாலிருந்து படை வந்துவிடும் என்ற கணக்குக்கும் தர்க்கம் உண்டு. இந்தப் பார்வையின் பலம், காவலரணைத் தனியாக எடைபோடாமல் அகழி, பாலத்தில் வைத்த வெடி, சாலைத் தடை, பின்னால் நிற்கும் படை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பது. பலவீனம், பின்னால் வர வேண்டிய படை உண்மையில் வந்து சேர்ந்திருக்குமா என்பதற்குக் காகிதத்தில் விடை கிடைக்காதது.

1974-இல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில், முன்னாள் ஜெர்மானிய அதிகாரிகளும் நடுவர்களாக அமர்ந்த ஒரு போர் விளையாட்டில் இந்தப் படையெடுப்பை நடத்திப் பார்த்தார்கள். தரையிறங்கிய ஜெர்மானியர்கள் கடற்படையால் வழங்கல் அறுந்து தோற்றார்கள். இதை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துகின்றன. கடலிலேயே முடிந்திருக்கும் சண்டைக்கு வயலில் எதற்கு கான்கிரீட் என்று ஒரு தரப்பு. கடற்படை வேலையை முடிக்கும்வரை தாமதப்படுத்துவதுதானே காவலரணின் வேலை என்று மறுதரப்பு.

எத்தனை என்பதே தகராறு

எண்ணிக்கையை முதலில் முறையாகத் தேடியவர் ஒரு கல்வியாளர் அல்ல; சாலிஸ்பரி நகரத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹென்றி வில்ஸ். நாளிதழ்களில் கடிதம் எழுதி வாசகர்களிடம் தகவல் கேட்டு, இடம் இடமாகக் குறித்து, 1985-இல் 'பில்பாக்ஸஸ்' நூலை வெளியிட்டார். பிரான்சில் பால் விரிலியோ, ஜெர்மானியர்கள் கட்டிய அட்லாண்டிக் சுவரின் பதுங்கரண்களைப் படமெடுத்து, தொல்லியல் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 1975-இல் நூல் வெளியிட்டிருந்தார். பிரிட்டனில் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, அதுவும் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால், இப்படி ஒரு நூல் வந்தது.

1995 முதல் 2002 வரை பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் நடத்திய 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வயல்களில் நடந்தார்கள். எல்லா வகை ராணுவத் தலங்களும் சேர்ந்து சுமார் 20,000 பதிவுகள் சேர்ந்தன. இதே காலத்தில் காலின் டாபின்சன் எதிர்வழியில் போனார். ஆவணக் காப்பகத்திலிருந்த கோப்புகளைத் தோண்டினார். இரண்டு வழிகளும் நடுவில் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை. பீரங்கித் தளங்களுக்குத் தெளிவான பட்டியல் கோப்புகளில் இருந்தது. காவலரண்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரு படைப்பிரிவின் நாட்குறிப்பில் 'இன்று இத்தனை முடிந்தன' என்ற அளவில் வரும் வரிகளை வைத்து எது எந்த வரப்பில் நின்றது என்று சொல்ல முடியாது.

எனவே மொத்தம் கட்டப்பட்டது 18,000 என்பாரும் உண்டு, 28,000 என்பாரும் உண்டு. இடைவெளியின் ஒரு பகுதி, எதைக் காவலரண் என்று எண்ணுவது என்பதில் இருக்கிறது. டாங்கித் தடுப்புக் கட்டைகளையும் துப்பாக்கி மேடைகளையும் சேர்த்தால் எண் ஏறும். 'நான்கில் ஒன்றுதான் மிஞ்சியது' என்று துல்லியமாகச் சொல்லும் எந்த வாக்கியத்தையும் இந்த வெளிச்சத்தில் சற்று ஒதுக்கித்தான் படிக்க வேண்டும். கீழ் எண் உறுதியில்லாத பின்னம் அது.

எப்படி மறைந்தன

அரசு இடித்தது என்பது எளிய விடை. சாலைத் தடைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்தவை முதலில் போயின. டாங்கி அகழிகள் அதற்கும் முன்னால் நிரம்பத் தொடங்கின; உணவுக்காக ஒவ்வொரு ஏக்கரையும் உழ வேண்டியிருந்த நாட்டில் வயலுக்குக் குறுக்கே ஓர் ஆழமான பள்ளத்தை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் மூன்றரை அடிக் கான்கிரீட்டை உடைப்பது செலவு பிடிக்கும் வேலை. அதனால் அரசு விளக்கம் காவலரண்களில் பாதியைக்கூட விளக்குவதாகத் தெரியவில்லை.

விவசாயியைக் காரணம் காட்டுவது அடுத்த விளக்கம். இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. வயலின் நடுவில் நின்று டிராக்டரைச் சுற்றிப் போக வைத்ததை அவர் இடித்தார். மூலையில் நின்றதில் தீவனமும் ஆடும் வைத்துக்கொண்டார். கென்னட் அண்ட் ஏவன் கால்வாயை ஒட்டி ஜி.எச்.க்யூ கோட்டின் காவலரண்கள் இன்றும் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: உழாத கரை, இடிக்க அவசியமில்லாத இடம். டெவன் கரையிலிருந்து பிரிஸ்டல் சேனல் கடற்பகுதிவரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிய டான்டன் தடுப்புக் கோட்டிலும் ஆற்றோரங்களில் தொடர்ச்சி இன்னும் தெரிகிறது. அப்படியானால் நம் முன் நிற்பது 1940-இன் பாதுகாப்பு முறையின் மாதிரி அல்ல. பிற்கால விவசாயத்துக்குத் தேவைப்படாத மூலைகளின் மாதிரி. எங்கே அதிகம் நிற்கிறதோ அங்கேதான் அதிகம் கட்டினார்கள் என்று வரைபடம் போட்டவர்கள் இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்.

கடல் விழுங்கியதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. யார்க்‌ஷயரின் ஹோல்டர்னஸ் கரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் இரண்டு மீட்டர் அரிக்கப்படுகிறது. மேட்டின் விளிம்பில் கட்டியது சாய்ந்து, உருண்டு, அலைக்குள் கிடக்கிறது. கில்ன்ஸீயில் முதல் உலகப் போர்க் காலத்துக் காட்வின் பீரங்கித் தளத்தின் கான்கிரீட் பாளங்கள் இதே கதியில் மணலில் சிதறிக் கிடக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது வான்படம். சஃபோக் கரையின் போர்க்காலப் படங்களையும் போருக்குப் பிந்தைய படங்களையும் அங்குலம் அங்குலமாகப் படித்து, கேன் ஹெகார்ட்டியும் சாரா நியூசமும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, காவலரணைச் சுற்றி முன்பு என்னென்ன இருந்தன என்பதைக் காட்டியது: முள்கம்பிச் சுருள்கள், வளைந்து போகும் பதுங்குகுழிகள், கடற்கரையில் நீண்ட இரும்புக் குழாய்ச் சாரம். அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டன. மிஞ்சியது கான்கிரீட் மட்டும். வயல் நடுவில் தனியாக, அபத்தமாகத் தெரியும் காவலரண், கட்டப்பட்ட நாளில் தனியாக நிற்கவில்லை. தாமதப்படுத்தல் வாதத்துக்கு இதுவரை கிடைத்த நல்ல ஆதரவு ராணுவக் கோப்பிலிருந்து அல்ல, இந்தப் படங்களிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எதைக் காப்பது

பாதுகாப்பு விஷயத்தில் முதல் நல்ல முடிவு ஏறக்குறையத் தற்செயலாக எடுக்கப்பட்டது. 1066-இல் நார்மன் வில்லியம் தரையிறங்கிய பெவன்ஸியில், ரோமானியக் கோட்டைச் சுவர்களுக்குள் 1940-இல் இயந்திரத் துப்பாக்கி மேடைகளைப் பொருத்தி, பழைய கல்லைப் போலவே முகப்பு வைத்து மறைத்தார்கள். போருக்குப் பிறகு அவற்றைப் பிய்த்தெறியாமல் கோட்டையின் வரலாற்றில் ஓர் அடுக்காக விட்டுவைத்தார்கள். வயலில் நின்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சட்டப் பாதுகாப்புப் பெற்றவை இன்றும் சிறு பகுதிதான். வேடிக்கை என்னவென்றால், இருட்டும் ஈரமுமான காவலரணில் குளிர்காலம் கழிக்கும் வௌவாலுக்கு 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சுவருக்கு இல்லாத காவல் அதில் தொங்கும் உயிருக்கு உண்டு.

எவற்றைக் காப்பது என்பதில் இரண்டு போக்குகள். வகைக்கு ஒன்றாக நல்ல நிலையில் இருப்பதைப் பட்டியலிடுவது பழைய போக்கு. 2006-இல் வில்லியம் ஃபுட் எழுதிய ஆய்வு வேறு வழி காட்டியது: இங்கிலாந்தில் 67 பாதுகாப்புப் பகுதிகளைத் தேர்ந்து, அரண், ஆறு, சாலை, சுடும் பார்வைக்கோடு எல்லாம் சேர்ந்த நிலக்காட்சியாக அவற்றைப் படித்தது. சரேயின் வேவர்லி ஆபி அருகே காவலரண்களும் டாங்கித் தடுப்புக் கட்டைகளும் ஆறும் இன்னும் சேர்ந்தே இருக்கும் இடம் போன்றவற்றுக்கு இதில் முதலிடம். நிர்வாகத்துக்கு இது தலைவலி. ஒரு கட்டடத்தைக் காப்பது எளிது. பலர் உழும் பள்ளத்தாக்கைக் காப்பது எளிதல்ல. ஆனாலும் இந்த அணுகுமுறையே சரியான பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

திறந்தே இருக்கும் கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. தாமதப்படுத்தும் திட்டம் வேலை செய்திருக்குமா என்பதற்கு, ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரைப் பகுதியை எடுத்து, 1940 ஜூலையில் அங்கே எத்தனை ஆட்கள், என்ன துப்பாக்கிகள், பின்னால் எவ்வளவு தூரத்தில் படை என்று ஊர் ஊராகக் கணக்கிட்டால்தான் விடை நெருங்கும்; நாடு தழுவிய வாதங்கள் அவற்றால் முடிந்ததைச் செய்துவிட்டன. கட்டப்பட்ட எண்ணிக்கைக்கும் அதே வழிதான். 1940-களின் விமானப்படைப் படங்கள் பல பகுதிகளுக்கு இருக்கின்றன. சஃபோக் கரைக்குச் செய்ததை உள்நாட்டுத் தடுப்புக் கோடுகளுக்கும் முழுமையாகச் செய்ய வேண்டும். நிற்பதை மட்டும் எண்ணும் இன்னொரு கணக்கெடுப்பு தேவையில்லை. இனி வரும் பதிவேடுகளில் இடிந்ததற்கும் நிரவப்பட்டதற்கும் தனி நிரல் இருக்க வேண்டும்.